சிம்மாசனத்தில் உட்காராமலே 21 வருஷம் மைசூரை ஆண்ட சிப்பாய்: கடலூர் கடலிடம் தோற்ற ஐதர் அலி

பெண்ணாடம்:

பெண்ணாடம் சுற்று வட்டாரத்தில் வயசான ஆளுங்க சிலர், ஊரில் பெரிய ரகளை நடந்தால் ஐதர் கலாபம் மாதிரி ஆகிப்போச்சே என்று சொல்வார்கள். சின்ன வயசில் இந்த வார்த்தையைக் கேட்டபோது ஐதர் என்பது ஏதோ புயலின் பெயர் என்றுதான் நினைத்திருந்தோம்.

புயல் இல்லை. ஆளுதான்.

மைசூர் ராஜ்ஜியத்தை 1761-ல் இருந்து 1782 வரை ஆண்ட ஐதர் அலிதான் அந்த ஆளு. திப்பு சுல்தானின் தகப்பனார். பள்ளிக்கூட புத்தகத்தில் மகனுக்கு ஒரு பாடமே இருந்தது, தகப்பனுக்கு ரெண்டு மூணு வரியோடு சரி. ஆனால் நம்ம மாவட்டத்தில் அதிகமாகக் கால் வைத்தது மகன் இல்லை, தகப்பன்தான். பெண்ணாடம் பக்கமாக ஓடும் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில்தான் அவர் வாழ்க்கையின் பெரிய சறுக்கல் நடந்தது.

முரசுக்குள் அடைக்கப்பட்ட சிறுவன்

கர்நாடகாவில் கோலார் பக்கம் பூதிக்கோட்டை என்று ஒரு ஊர். 1720-ஐ ஒட்டி அங்கே பிறந்தவர் ஐதர். தகப்பனார் பெயர் பதே முகமது. சிரா நவாப்பிடம் படைத்தலைவராக இருந்தவர். ஒரு சண்டையில் அவர் செத்துப்போனபோது ஐதருக்கு ஏழெட்டு வயசுதான் இருக்கும்.

தகப்பன் வைத்துவிட்டுப் போன பாக்கிக்காக அப்பாஸ் குலி கான் என்ற பெரிய மனுஷன், ஐதரையும் அண்ணன் ஷாபாசையும் பிடித்து முரசுக்குள் அடைத்து வெளியில் இருந்து அடிக்க வைத்து சித்ரவதை செய்ததாக வரலாறு. இந்த அப்பாஸ் குலி கானின் தொட்டபள்ளாப்பூர் 1761-ல் ஐதர் கைக்கு வந்தது. அந்த மனுஷன் எதிர்த்து நிற்கவே இல்லை. விட்டால் போதும் என்று ஓட்டம் பிடித்துவிட்டார்.

ஐதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து போட பெயரின் முதல் எழுத்து ஒன்றை மட்டும் பழகி வைத்திருந்தார், அதையும் தலைகீழாகப் போடுவாராம். ஆனால் மனசு கணக்கில் புலி. தமிழ், கன்னடம், தெலுங்கு, மராத்தி, இந்துஸ்தானி என்று ஐந்து மொழி பேசுவார்.

மஞ்சள் துணி தில்லுமுல்லு

1749-ல் தேவனஹள்ளி கோட்டை முற்றுகையில் சாதாரண தொண்டர் படை ஆளாக நின்று சண்டை போட்டவரை மைசூர் மந்திரி நஞ்சராஜன் கவனித்தார். அப்போது மைசூரில் ராஜா பெயருக்குத்தான் இருந்தார். அதிகாரம் எல்லாம் மந்திரி கையில். இதை ஐதர் நன்றாகவே பார்த்து வைத்துக்கொண்டார்.

1755-ல் திண்டுக்கல் பவுஜ்தார் வேலை கிடைத்தது. ஆக, அவர் முதல் முதலாக அதிகாரம் பண்ணிய சீமை நம்ம தமிழ்நாடு. அங்கே பிரெஞ்சுக்கார கைவினை ஆட்களை வைத்து பீரங்கி, துப்பாக்கி பட்டறையே போட்டுவிட்டார்.

பணம் சேர்த்ததும் அங்கேதான். பின்னாளில் மைசூரில் கும்பெனி பிரதிநிதியாக இருந்த வில்க்ஸ் என்ற வெள்ளைக்காரர் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ஒரு சண்டையில் காயம்பட்டவங்களுக்கு மைசூர் அரசு பணம் கொடுக்க ஆள் அனுப்பியது. நிஜமாகக் காயம்பட்டது 67 பேர். ஐதர் சுமார் 700 பேருக்கு மஞ்சள் நனைத்த துணியைச் சுற்றி வரிசையாகக் காட்டிவிட்டார். வந்த அதிகாரியும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் காலத்து போலி பட்டியல் பேர்வழிகளுக்கு எல்லாம் இவர்தான் குரு போலிருக்கு.

கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டுமே. அதுக்கு காண்டே ராவ் என்ற பிராமணரை வைத்திருந்தார். ஐதருக்கு எழுத்து தெரியாத குறையை எல்லாம் அவர்தான் நிரப்பினார். இந்த காண்டே ராவ்தான் 1760-ல் அரண்மனையோடு சேர்ந்துகொண்டு எஜமானுக்கு எதிராகத் திரும்பினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிக்கிக்கொண்ட ஐதர், பெண்டாட்டி பிள்ளைகளைக்கூட அங்கேயே விட்டுவிட்டு ராவோடு ராவாக குதிரையில் பெங்களூருக்குத் தப்பினார். அப்படி விட்டுப்போன பிள்ளைகளில் ஒருத்தன் திப்பு.

அடுத்த வருஷமே திரும்பி வந்தார். எதிரி படைத்தலைவர்களுக்குப் போன மாதிரி பொய்க் கடுதாசிகளை எழுத வைத்து, அது காண்டே ராவ் கையில் சிக்கும்படி பண்ணினார். தன் ஆட்களே தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று பயந்து அந்த மனுஷன் படையை விட்டு ஓடினார். கடைசியில் பிடிபட்டபோது, அவருக்கு உயிர்ப்பிச்சை கேட்டு அரண்மனையில் இருந்து தூது வந்தது. கிளியை வளர்ப்பது மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்று ஐதர் வாக்கு கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்து, சாகிற வரைக்கும் வைத்திருந்தார்.

ராஜா கொலுவில், அதிகாரம் கூடாரத்தில்

இப்படித்தான் 1761-ல் மைசூர் அவர் கைக்கு வந்தது. இன்றைய பாஷையில் சொன்னால் ராணுவப் புரட்சி. ஆனால் ராஜாவை அவர் கொல்லவில்லை, விரட்டவும் இல்லை. உடையார் பரம்பரை ராஜாவை அரண்மனையில் உட்கார வைத்து தசராவுக்கு மட்டும் ஜனங்களுக்குக் காட்டுவார். தன் பெயருக்கு முன்னால் ராஜா என்று போட்டுக்கொள்ளவே இல்லை. பேச்சுக்கு ராஜாவின் வேலைக்காரன், கையில் மொத்த கஜானா. அந்த கஜானா சாவியைப் பார்த்துக்கொண்டவர் பூர்ணையா என்ற பிராமணர். இன்ன மதத்து ஆளா என்று பார்க்காமல் வேலை தெரிஞ்ச ஆளா என்றுதான் பார்த்தார்.

ஆட்சியே ஒரு ராணுவ கேம்ப் மாதிரிதான் நடந்தது. தாடி, மீசை, புருவம் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார், எல்லாத்தையும் மழித்துவிடுவார். காலையில் நாவிதர் முகத்தில் வேலை செய்யும்போதே ஒற்றர்கள் வரிசையாக வந்து சேதி சொல்லணும். எழுத்தர்கள் கடுதாசிகளைப் படிக்கப் படிக்க அங்கேயே பதில் சொல்லிவிடுவார். படிக்கத் தெரியாதவரை ஏமாற்றலாம் என்று பார்த்தால் தொலைஞ்சது. ஒரு தடவை காதில் விழுந்தது வருஷக்கணக்கில் ஞாபகம் இருக்கும்.

தண்டனை என்றால் சவுக்கு. வரி பாக்கி வைத்த அதிகாரி, பொய் கணக்கு காட்டியவர், யாராக இருந்தாலும் முதுகு பிய்ந்துவிடும். தஞ்சாவூரில் இருந்த ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் 1779-ல் கும்பெனி தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது, சவுக்கு ஆட்கள் அங்கே எப்பவும் தயாராக நிற்பதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாதிரியார் மேல் ஐதருக்குத் தனி மரியாதை. பிறகு சண்டை மூண்டபோதும் அவரை யாரும் தொடக்கூடாது என்று படைக்கு உத்தரவு போட்டிருந்தார்.

மகனுக்கும் சலுகை கிடையாது. 1771-ல் மராட்டியர்களிடம் சின்குர்லி என்ற இடத்தில் உதை வாங்கியபோது, குடிபோதையில் இருந்த ஐதர், சொன்னபடி வந்து சேரவில்லை என்று திப்புவை எல்லார் முன்னாலும் அடித்துவிட்டார். அன்று அவர் படை சின்னாபின்னமானது.

அந்தத் தோல்விதான் அவர் மனசில் ஆறாத புண். ஏனென்றால் ரெண்டு வருஷம் முன்னால் 1769-ல் குதிரைப் படையோடு பறந்து வந்து சென்னைப் பட்டணத்து வாசலில் நின்று, கும்பெனியை நடுங்க வைத்து ஒப்பந்தம் போட்டிருந்தார். ஒருத்தரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வரணும் என்பது அதில் உள்ள ஷரத்து. மராட்டியர் வந்தபோது கும்பெனிக்காரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதை ஐதர் மறக்கவே இல்லை.

சிவகங்கை ராணி வேலுநாச்சியார் விஷயத்தையும் இங்கே சொல்லியாகணும். புருஷன் முத்துவடுகநாதர் 1772-ல் காளையார்கோயிலில் கொல்லப்பட்ட பிறகு, திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் தஞ்சம் இருந்த அவருக்கு படை உதவி செய்தவர் ஐதர்தான். 1780-ல் ராணி சீமையை மீட்டார்.

தென்னாற்காட்டில் தீ

அதே 1780 ஜூலையில் ஐதர் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். கூட வந்த படை 80 ஆயிரத்துக்கும் மேல் என்று சொல்கிறார்கள். அதே நேரத்தில் இன்னொரு மகன் கரீம் ஒரு படையோடு வந்து பரங்கிப்பேட்டையைக் கொள்ளையடித்தார். அப்போது அது பெரிய துறைமுகம். வெள்ளாற்று முகத்துவாரத்தில் கப்பல் வந்து துணி ஏற்றிக்கொண்டு போகும்.

செப்டம்பர் 10-ந்தேதி காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை மொத்தமாக அழிந்தது. இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைப் பார்த்து வெள்ளைக்காரன் மிரண்டான். பக்கத்திலேயே இருந்த இன்னொரு தளபதி மன்றோ, பெரிய பீரங்கிகளை கோயில் குளத்தில் தள்ளிவிட்டு சென்னைக்கு ஓடினார். இந்த மன்றோ 1764-ல் பக்சார் சண்டையில் ஜெயித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அந்த வருஷம் முடிவதற்குள் ஆற்காடும் விழுந்தது.

இதுவரைக்கும் படித்தால் கைதட்டத்தான் தோணும். ஆனால் ஐதர் கலாபம் என்ற வார்த்தை கைதட்டலில் இருந்து பிறக்கவில்லை.

கும்பெனி படைக்கு ஒரு மூட்டை நெல்கூடக் கிடைக்கக்கூடாது என்பது அவர் திட்டம். அதுக்காக ஊர்களைக் கொளுத்தினார்கள். ஏரிக்கரைகளை வெட்டிவிட்டார்கள். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆளுங்களையும் பிள்ளைகளையும் மைசூருக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏரியை நம்பி இருக்கிற சீமையில் கரையை வெட்டினால் அந்த வருஷ நடவு மட்டும் இல்லை, அடுத்த வருஷத்து நடவும் போச்சு. விவசாயம் செய்கிறவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிராமத்தை விட்டு ஓடினவங்க சென்னை பக்கம் போய்க் குவிந்தார்கள், அங்கே பஞ்சம் வந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நவாப்பு, கும்பெனி, மைசூர் மூணு பேருக்கும் நடுவில் நசுங்கியது நம்ம முன்னோர்கள்தான். நவாப்பு ஆளுங்க வரி வாங்கியதும் சும்மா இல்லை, அதுவும் அடித்துப் பிடுங்கியதுதான். இருந்தாலும் தீ வைத்தவன் பெயர்தான் ஜனங்க வாயில் நின்றுவிட்டது.

கோயில்களும் கோட்டையாகிப் போச்சு. பெரிய மதில், உள்ளே குளம், நெல் கொட்ட மண்டபம், இதை விட படைக்கு வேறு என்ன வேண்டும். விருத்தாசலம் கோயிலில் அந்தக் காலத்துச் சண்டைகளில் மாறி மாறி படைகள் தங்கின. சிதம்பரம் நடராஜர் கோயிலில் ஐதர் ஆட்கள் உட்கார்ந்துகொண்டு நெல்லைச் சேர்த்து வைத்தார்கள்.

கடலூரில் மாட்டிய தளபதி

கல்கத்தாவில் இருந்து சர் அயர் கூட் என்ற தளபதியை கும்பெனி இறக்கியது. 1760-ல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரனை ஜெயித்த அதே ஆள். இப்போது வயசாகி, உடம்பும் முடியாமல் இருந்தார். 1781 பிப்ரவரியில் அவர் படை கடலூர் வந்து சேர்ந்தது. தேவனாம்பட்டினம் கோட்டையை 1758-லேயே பிரெஞ்சுக்காரன் இடித்துப் போட்டிருந்ததால் பெரிய பாதுகாப்பும் கிடையாது.

அந்த நேரத்தில் பிரெஞ்சு கப்பல் படை கடலூர் கடலுக்கு வந்தது. தரையில் ஐதர், கடலில் பிரெஞ்சுக்காரன். நடுவில் கூட். கொஞ்ச நாள் அப்படியே நின்றிருந்தால் பசியிலேயே கூட் சரணடைந்திருப்பார், கும்பெனி கதை தென்னாட்டில் அத்தோடு முடிந்திருக்கும் என்றுகூட சொல்லலாம்.

பிரெஞ்சு தளபதி ஓர்வ் நிற்கவில்லை. ஐதர் எவ்வளவோ கேட்டும் அந்த மாசமே பாயை விரித்துக்கொண்டு மொரீஷியஸ் பக்கம் போய்விட்டார். கடல் வழி திறந்ததும் சென்னையில் இருந்து கூட்டுக்கு அரிசி கப்பலில் வந்து இறங்கியது. சுற்றிலும் ஊரைக் கொளுத்தி வைத்திருந்தும் ஐதரால் அந்தக் கப்பலைத் தடுக்க முடியலை. மங்களூரில் அவர் ஆசை ஆசையாகக் கட்டிய கப்பல்களை 1780 டிசம்பரிலேயே ஆங்கிலேயக் கப்பல் படை அழித்துவிட்டிருந்தது.

தரையில் எத்தனை படையை அழித்தாலும் கடலை வற்ற வைக்க முடியாது என்று கடைசி காலத்தில் பூர்ணையாவிடம் ஐதர் நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். அந்தப் பாடம் அவருக்குக் கிடைத்தது நம்ம கடலூரில்தான் என்பது இந்த நிருபரின் கருத்து.

சிதம்பரத்தில் அடி, பரங்கிப்பேட்டையில் பதிலடி

நெல்லுக்காக கூட் 1781 ஜூன் 18-ந்தேதி சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். உள்ளே கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள் என்று நினைத்தது தப்பாகிப் போச்சு. வெளி வாசலைத் தாண்டி நுழைந்தவங்களை உள்ளே இருந்தவங்க அடித்து விரட்டினார்கள். கூட் பரங்கிப்பேட்டை கடற்கரைக்குப் பின்வாங்கினார்.

சேதி கேட்ட ஐதருக்கு உற்சாகம் தாங்கலை. திருச்சி, தஞ்சாவூர் பக்கம் இருந்தவர் ரெண்டரை நாளில் சுமார் 100 மைல் கடந்து வந்து, கடலூர் போகிற பாதையை மறித்து முட்லூர் பக்கம் மேடு கட்டி பீரங்கி வைத்தார். கூட்டுக்கு முன்னால் ஐதர், வலது பக்கம் கடல், பின்னால் வெள்ளாறு. சில நாளுக்குத்தான் சாப்பாடு இருந்தது. அந்த அரிசியையும் சிப்பாய்களே முதுகில் சுமந்தார்கள்.

ஜூலை 1-ந்தேதி காலையில் சண்டை ஆரம்பித்தது. கூட் பக்கம் எட்டாயிரத்து சொச்சம் பேர். ஐதர் பக்கம் 80 ஆயிரம் என்பது வெள்ளைக்காரன் கணக்கு, அதில் பாதிதான் இருக்கும் என்று பிற்காலத்தில் எழுதியவங்களும் உண்டு. கூட் நேராகப் போய் பீரங்கி வாயில் விழவில்லை. கடலோரம் இருந்த மணல் மேடுகளை மறைப்பாக வைத்துக்கொண்டு பக்கவாட்டில் சுற்றினார். மணல் மேட்டைப் பிடிக்க ஐதரின் குதிரைப் படை திரும்பத் திரும்பப் பாய்ந்தது. கரையோரம் நின்ற ஒரு ஆங்கிலேயக் கப்பலும் குண்டு போட்டது. மறுபடியும் கடல்தான்.

ஐதரின் மைத்துனரும் நம்பிக்கையான தளபதியுமான மீர் அலி ரசா கான் குண்டடிபட்டு விழுந்தார். மேட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஐதர், தோற்றுவிட்டோம் என்று சொன்னவங்க மேல் எரிந்து விழுந்தாரே தவிர நகரவில்லை. ரொம்ப நாள் பழகிய வேலைக்காரர் ஒருத்தர், எஜமானின் காலைப் பிடித்து செருப்பை மாட்டிவிட்டு, நாளைக்கு ஜெயிக்கலாம், இப்போ குதிரை ஏறுங்க என்று கெஞ்சி அனுப்பியதாக வில்க்ஸ் எழுதுகிறார்.

கூட் பக்கம் சேதம் சில நூறு. ஐதர் பக்கம் ஆயிரக்கணக்கில். அதை அடுத்து ஆகஸ்டில் மறுபடி பொள்ளிலூர், செப்டம்பரில் சோளிங்கர் என்று வரிசையாகப் பின்னடைவு. ஆனாலும் ஆளு ஓயவில்லை. 1782 பிப்ரவரியில் கொள்ளிடக் கரையில் கர்னல் பிரைத்வெயிட் படையை திப்பு சிறைபிடித்தார். பரங்கிப்பேட்டையில் இறங்கிய பிரெஞ்சு படையோடு சேர்ந்து ஏப்ரலில் கடலூரையும் பிடித்தார்கள். ஜூலையில் பிரெஞ்சு கடற்படை தளபதி சுப்ரன் கடலூரில் இறங்கி ஐதரைச் சந்தித்தார். முந்தின வருஷமே இப்படி ஒரு ஆள் வந்திருக்கக்கூடாதா என்று ஐதர் நினைத்திருப்பார்.

அவர் புகழ் அமெரிக்கா வரை போயிருந்தது. இங்கிலாந்தை எதிர்த்து அங்கே சுதந்திரப் போர் நடந்த நேரம். பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஐதர் அலி பெயரையே வைத்தார்கள். அந்தக் கப்பல் 1782 ஏப்ரலில் ஒரு ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தது. சொந்தக் கப்பலால் கடலில் ஜெயிக்க முடியாதவர், பெயரால் ஜெயித்துவிட்டார்.

பெட்டிக்குள் போன உடல்

அந்த வருஷக் கடைசியில் முதுகில் ராஜபிளவை கட்டி வந்து படுத்தவர், டிசம்பர் 7-ந்தேதி சித்தூர் பக்கம் நரசிங்கராயன்பேட்டை முகாமில் இறந்தார். திப்பு அப்போது மலபாரில் சண்டையில் இருந்தார். சேதி வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும். பூர்ணையாவும் மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. உடலை கஜானா பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்து கோலாருக்கு அனுப்பினார்கள். முகாமில் வழக்கம்போல எல்லா வேலையும் நடந்தது. திப்பு வந்து சேர்ந்து பொறுப்பு எடுக்கும் வரை இந்த நாடகம் ஓடியது. சம்பளக் கணக்கில் 700 பேருக்கு மஞ்சள் துணி சுற்றியவரின் சாவையும் அவர் ஆட்கள் அதே மாதிரி மறைத்துவிட்டார்கள்.

அவரோடு மல்லுக்கட்டிய கூட்டும் அதிக நாள் இருக்கவில்லை. 1783 ஏப்ரலில் சென்னையில் செத்தார். ஜூனில் கடலூரை மீட்க ஆங்கிலேயரும், காக்க பிரெஞ்சுக்காரரும் மைசூர் படையும் மோதி ரெண்டு பக்கமும் பிணம் குவிந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட சேதி கப்பலில் வந்தது. சண்டையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். எரிந்துபோன கிராமங்களுக்கு அந்தச் சமாதானத்தில் இழப்பீடு எதுவும் இல்லை.

கோலாரில் வைக்கப்பட்ட உடலை பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்து, அதன் மேல் கும்பஸ் என்ற பெரிய மாளிகையை திப்பு கட்டினார். 1799 மே மாதம் கும்பெனிப் படையோடு சண்டை போட்டு செத்த திப்புவும், தகப்பனுக்குப் பக்கத்திலேயே அங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.